பள்ளி டெஸ்க்-பெஞ்ச் டெண்டருக்கு எப்போதும் இரண்டே பேர்: சின்னப் பட்டறைகள் உள்ளே வர ஆவணத்தில் எதை மாற்றலாம்? (தருமபுரி)

கொள்முதல்_கோப்பு, தருமபுரி

வணக்கம். மாவட்ட அளவிலான ஒரு அலுவலகத்தில் கொள்முதல் கோப்பு பார்க்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்திய டெஸ்க்-பெஞ்ச் 600 செட் வாங்க வேண்டும். மதிப்பீடு ஜிஎஸ்டி இல்லாமல் ரூ.36 லட்சம். முந்தைய ஆவணத்தில் இருந்த நிபந்தனைகள் இவை:

600 செட்டும் ஒரே தொகுப்பு. மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்கு ஒரே அரசு ஆர்டர் முடித்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9001 சான்று. 30 நாளில் மொத்தமும் சப்ளை. எல்லாப் பள்ளியிலும் இறக்கிய பிறகு ஒரே பில்.

வருவது இரண்டு ஒப்பந்தப்புள்ளிதான், இரண்டும் வெளி மாவட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் இதைச் செய்யக்கூடிய பட்டறைகள் நிறைய இருந்தும் ஒருவர்கூட வருவதில்லை. சட்டத்தை மீறாமல் எதை மாற்றலாம்? சின்னச் சின்னதாகப் பிரித்தால் தணிக்கையில் "பிரித்து வாங்கினீர்கள்" என்று எழுத மாட்டார்களா? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பொருள் வந்தாக வேண்டும், அதனால் நாளும் குறைய வேண்டும்.

---

சட்டமும்_சரக்கும்

பிரிப்பது என்பதிலேயே இரண்டு வகை உண்டு. மேலதிகாரியின் ஒப்புதலையோ திறந்த டெண்டரையோ தவிர்ப்பதற்காக 600 செட்டை நான்கு கோப்பாக்கிக் கொட்டேஷனில் வாங்கினால் அது தவறு. தணிக்கை பிடிப்பதும் அதைத்தான். மொத்தம் ரூ.36 லட்சத்துக்கும் ஒரே ஒப்புதல், ஒரே அறிவிப்பு, ஒரே திறப்பு என்று வைத்து, உள்ளே நான்கு ஷெட்யூல் (தனித்தனியாக விலை கேட்கும் பகுதிகள்) போடுவது வேறு. அங்கே எந்த வரம்பையும் நீங்கள் தாண்டவில்லை. இதைக் கோப்பின் முதல் குறிப்பிலேயே எழுதுங்கள்: "மொத்த மதிப்புக்குரிய அதிகாரியிடமே ஒப்புதல் பெறப்படுகிறது. போட்டியைக் கூட்டவும் போக்குவரத்தைக் கருதியும் ஷெட்யூல் பிரிக்கப்படுகிறது." பின்னால் கேள்வி வரும்போது கோப்பில் இருக்கும் இந்த இரண்டு வரிதான் பேசும்.

உங்கள் மாவட்டத்துக்குப் பிரிவு இயல்பாகவே அமைகிறது: தருமபுரி–நல்லம்பள்ளி, பென்னாகரம்–ஏரியூர், பாலக்கோடு–காரிமங்கலம், அரூர் பக்கம் மொரப்பூர், கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி சேர்த்து ஒன்று. ஒவ்வொன்றிலும் 150 செட், ரூ.9 லட்சம்.

இனி தகுதி நிபந்தனை. அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மத்திய விஜிலன்ஸ் கமிஷன் 2002 டிசம்பரில் கட்டுமானப் பணிகளுக்காகச் சொன்ன அளவுகோல். மூன்று வேலை என்றால் ஒவ்வொன்றும் 40 சதவீதம், இரண்டு என்றால் 50, ஒன்று என்றால் 80, சராசரி ஆண்டு விற்றுமுதல் 30 சதவீதம். அதிலும் மூன்று வழி இருக்கிறது. ஆவணங்களை நகல் எடுத்து எடுத்து ஒரு வழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாலம் கட்டுவதற்கான தகுதியைப் பெஞ்ச் வாங்க வைத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூ.36 லட்சத்தில் 80 சதவீதம் ரூ.28.8 லட்சம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அப்படி ஒரே ஆர்டர் இருக்கவே இருக்காது. ஷெட்யூல் அளவில், மூன்று வழியையும் திறந்து வைத்தால் ரூ.3.6 லட்சத்துக்கு மூன்று, அல்லது ரூ.4.5 லட்சத்துக்கு இரண்டு, அல்லது ரூ.7.2 லட்சத்துக்கு ஒன்று. விற்றுமுதல் ரூ.2.7 லட்சம். இந்த அளவில் ஆட்கள் இருக்கிறார்கள்.

டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆர்டர் கிடைத்தவர் கட்டும் பாதுகாப்பு வைப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றையும் ஷெட்யூலுக்குத் தனித்தனியாகக் குறியுங்கள். ரூ.9 லட்சத்துக்கு ரூ.9,000, ரூ.45,000. தமிழகச் சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கான முன்வைப்பு விலக்கை உங்கள் ஆவணத்தில் எப்படிச் சேர்க்கிறீர்களோ, அதைப் பின்னிணைப்பில் புதைக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள்.

நாள் விஷயத்தில்: ரூ.2 கோடி வரை குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்கத்தான் வேண்டும், அதைச் சுருக்கக் காரணம் எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த 15 நாளில் கை வைக்காதீர்கள். சின்னவர்களுக்குத்தான் அந்த நாள் தேவை. பெரிய நிறுவனத்தில் டெண்டர் போடவே ஆள் இருக்கிறார். நீங்கள் குறைக்க வேண்டியது அறிவிப்புக்கு முன்னால் கோப்பு சுற்றும் நாளும், திறந்த பிறகு தொழில்நுட்ப மதிப்பீட்டில் தூங்கும் நாளும். மதிப்பீட்டுக் குழு உட்காரும் தேதியை அறிவிப்பு வெளியாகும் அன்றே குறித்துவிடுங்கள்.

---

ஓசூர்_ஃபேப்ரிகேஷன்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். "அரசு ஆர்டர்" என்ற சொல்லை எடுத்துடுங்க. ஓசூர் சிப்காட், சிட்கோ பக்கம் இருக்கிற பட்டறைகள் வாகன உதிரிபாகக் கம்பெனிகளுக்கு ஸ்டாண்டு, டிராலி, ரேக் செய்து கொடுப்பவை. குழாய் வெட்டு, மிக் வெல்டிங், பவுடர் கோட்டிங் எல்லாமே தெரியும், ஆனால் அரசு ஆர்டர் ஒன்றுகூட இருக்காது. "குழாய்ச் சட்டத்தில் செய்த தளவாடம் அல்லது அதுபோன்ற ஃபேப்ரிகேஷன் வேலை, வாங்கியவர் அரசோ தனியாரோ, ஜிஎஸ்டி இன்வாய்ஸும் வாங்கியவரின் சான்றும் போதும்" என்று எழுதினால் வருவார்கள்.

ஐஎஸ்ஓ 9001 தேவையில்லை. அது நிறுவனத்தின் தர நிர்வாக நடைமுறைக்கான சான்று, பெஞ்ச் ஆடாமல் நிற்கும் என்று அது சொல்லாது. அதற்குப் பதிலாகப் பொருளின் விவரத்தைக் கறாராக எழுதுங்கள். தரம் போய்விடும் என்ற பயம் விவரக்குறிப்பு தளர்வாக இருந்தால்தான் வரும்.

என்னென்ன எழுதலாம்: சட்டத்துக்கு 25 × 25 மி.மீ. சதுரக் குழாய், கனம் 1.6 மி.மீ. "16 கேஜ்" என்று மட்டும் போடாதீர்கள், மி.மீ.-இல் போட்டு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். பலகை ஐஎஸ் 303-இன்படி பிளைவுட் என்றால் எம்ஆர் தரமா (ஈரம் தாங்குவது) பிடபிள்யூஆர் தரமா (கொதிநீரும் தாங்குவது) என்று குறிப்பிடணும். மழையில் வராந்தாவில் பெஞ்ச் கிடக்கிற பள்ளிகளுக்கு பிடபிள்யூஆர் நல்லது. பவுடர் கோட்டிங் குறைந்தது 60 மைக்ரான். காலடியில் நைலான் புஷ், வெறுமனே அடித்துச் சொருகியது இல்லை, ஸ்க்ரூவோடு. அது கழன்றால் தரையையும் கெடுக்கும், குழாய் முனையில் தண்ணீர் ஏறித் துருவும் பிடிக்கும்.

இதில் ஏமாற்று நடக்கிற இடம் குழாயின் கனம்தான். 1.6-க்குப் பதில் 1.2 போட்டு பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். 25 × 25 குழாய் 1.6 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு சுமார் 1.15 கிலோ, 1.2 மி.மீ. என்றால் சுமார் 0.88 கிலோ. ஒரு செட்டுக்கு 12 மீட்டர் குழாய் போகிறது என்றால் 13.8 கிலோவும் 10.6 கிலோவும். மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம். அதனால் "பலகை இல்லாமல் சட்டத்தின் குறைந்தபட்ச எடை" என்று ஒரு வரி சேருங்கள். கேலிப்பர் இல்லாத பள்ளியிலும் எடை மெஷின் கிடைக்கும், தலைமையாசிரியரே நிறுத்துப் பார்க்கலாம்.

வரைபடம் கட்டாயம் வையுங்கள். அளவு போட்ட ஒரே பக்கம் போதும். வரைபடம் இல்லாத டெண்டருக்கு விலை போடும்போது சின்னப் பட்டறைக்காரர் பயந்து 15 சதவீதம் கூட்டிப் போடுவார், அல்லது போடவே மாட்டார். ஏற்கெனவே அந்த அலுவலகத்துக்குச் சப்ளை செய்தவருக்கு மட்டும்தான் "நீங்கள் கேட்பது எது" என்று தெரியும். போட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது.

---

ஒரே_பில்_போதும்

எல்லாம் சரி. ஆனால் நான்கு ஷெட்யூல் என்றால் நான்கு ஒப்பந்தம், நான்கு ஆய்வு, நான்கு பில். கோப்பு பார்ப்பவர் ஒருவர்தான். 600 செட்டாக வாங்கினால் கிடைக்கிற மொத்த விலைச் சலுகையும் போகும். மாவட்டம் முழுக்க நான்கு நிறத்தில் பெஞ்ச் நிற்கும். இதையும் யோசிக்கணும் இல்லையா?

---

ஓசூர்_ஃபேப்ரிகேஷன்

நிறத்துக்கு ஆர்ஏஎல் (நிறங்களுக்கான பொது எண் பட்டியல்) நிற எண் ஒன்றை ஆவணத்தில் போட்டால் நான்கு பேரும் ஒரே பவுடர்தான் வாங்குவார்கள்.

மொத்த விலைச் சலுகை பற்றி: குழாய், பிளைவுட் இரண்டிலும் 150 செட்டுக்கே முழு லோடு விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் அளவு கூடியும் விலை பெரிதாக இறங்காது. வெளி மாவட்டத்திலிருந்து கட்டிய பெஞ்சை லாரியில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்றி வருகிறோம், இடம் அடைக்கும், எடை இருக்காது. பக்கத்துப் பட்டறைக்கு அந்த வாடகை மிச்சம்.

ஆய்வு வேலை கூடும் என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. குறைக்க ஒரு வழி: உத்தரவு கொடுத்த 7 நாளில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி செட் கொண்டு வரணும், நான்கையும் ஒரே நாளில் ஒரே குழு பார்த்து முத்திரை வைத்துக்கொள்ளணும். பிறகு பள்ளியில் சரிபார்ப்பது எடை, அளவு, எண்ணிக்கை மட்டும். 600 செட்டும் வந்து இறங்கிய பிறகு "உயரம் தப்பு" என்று கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். மாதிரி பாஸ் ஆகிற வரை குழாய் வெட்ட வேண்டாம் என்று உத்தரவிலேயே எழுதுங்கள், 30 நாள் கணக்கும் அந்தத் தேதியிலிருந்து ஓடட்டும்.

---

பில்_பாஸ்

விலையையும் தகுதியையும் பேசுகிறோம். சின்னவர் விலகி நிற்க முதல் காரணம் பணம் எப்போது வரும் என்பதுதான். எண்ணாகவே போடுகிறேன், ரூ.9 லட்சம் ஷெட்யூலுக்கு.

பொருளுக்கும் கூலிக்கும் பெரும்பகுதி முன்னாலேயே செலவு. பாதுகாப்பு வைப்பு ரூ.45,000 முடங்கும். இன்வாய்ஸ் போட்டதும் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,62,000. உள்ளீட்டு வரவு (பொருள் வாங்கும்போது கட்டிய வரி) போக மீதியை அடுத்த மாதமே கட்ட வேண்டும், நீங்கள் பணம் கொடுத்தீர்களா இல்லையா என்று வரித்துறை பார்க்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவரும் மாதாமாதம் பணம் கட்டத்தான் வேண்டும். பில் வரும்போது ஒப்பந்த மதிப்பு ரூ.2.5 லட்சத்துக்கு மேல் என்பதால் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) 2 சதவீதம், ரூ.18,000 பிடிப்பீர்கள். அது அவருடைய மின்னணுப் பண லெட்ஜரில் வந்து சேரும், ஆனால் அவர் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால்தான். இது தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். பில் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதையே ரூ.36 லட்சத்துக்கு, "எல்லாப் பள்ளியும் முடிந்த பிறகு ஒரே பில்" என்ற நிபந்தனையோடு நினைத்துப் பாருங்கள். கடைசிப் பள்ளிச் சாவி கிடைக்காமல் 4 செட் இறக்க முடியவில்லை என்றால் 596 செட்டின் பணமும் நிற்கும்.

மாற்ற வேண்டியது: 50 செட்டுக்கு ஒரு பில். ஷெட்யூலுக்கு மூன்று பில். ஏற்புச் சான்றுக்குக் காலவரை.

இந்தக் காலவரை உங்கள் தயவால் வருவது இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006, பிரிவு 15: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. பொருளில் குறை இருந்தால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் இறக்கிய நாளே ஏற்ற நாள். "ஆய்வு முடியவில்லை, அதனால் ஏற்கவில்லை" என்ற பதில் அங்கே நிற்காது. தாமதித்தால் பிரிவு 16-இன்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18. அரசு அலுவலகமும் இதில் "வாங்குபவர்"தான். வழக்கு இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போய்த் தீர்ப்பு எதிராக வந்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

சப்ளை செய்பவர்களுக்கு: உத்யம் பதிவு (சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) வேலை உத்தரவுக்கு முன்பே இருக்கட்டும். பொருள் கொடுத்த பிறகு பதிவு எடுத்துவிட்டுப் பழைய பில்லுக்கு வட்டி கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, வாங்கி விற்பவர் 2021 முதல் உத்யமில் பதியலாம், ஆனால் அது முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டும். கொள்முதல் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

---

மாங்கனி_மாவட்டம்

கிருஷ்ணகிரி பக்கம் பலர் கேட்பது: "25 சதவீதம் சிறு நிறுவனங்களிடம் வாங்கணும்னு இருக்கே, இதில் அது வராதா?"

---

சட்டமும்_சரக்கும்

அது 2012-இல் வந்த மத்திய அரசுக் கொள்முதல் கொள்கை. மத்திய அமைச்சகம், மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும். 20 சதவீதமாகத் தொடங்கி 2019 ஏப்ரல் முதல் 25 ஆனது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3. எல்-1 (மிகக் குறைந்த) விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்கும் சிறு நிறுவனம், எல்-1 விலைக்கு இறங்கி வந்தால் 25 சதவீத அளவு வரை ஆர்டர் பெறலாம். பணி ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது. மாநில அலுவலகத்துக்கு 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும்தான். ரயில்வேக்கோ மத்திய நிறுவனத்துக்கோ விலை போடும்போது அந்த 15 சதவீத வழியை மறக்காதீர்கள். இந்த டெண்டரில் மத்தியக் கொள்கையைக் காட்டி வாதாட முடியாது.

---

கொள்முதல்_கோப்பு, தருமபுரி

எல்லோருக்கும் நன்றி. கீழ்க்கண்டபடி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"ஒப்பந்தப்புள்ளிதாரர் ஒரு ஷெட்யூலுக்கோ பல ஷெட்யூல்களுக்கோ விலை கொடுக்கலாம். ஒவ்வொரு ஷெட்யூலும் தனியாக மதிப்பிடப்பட்டு, தகுதியுள்ளோரில் குறைந்த விலை கொடுத்தவருக்கு வழங்கப்படும்."

---

சட்டமும்_சரக்கும்

ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவரே நான்கிலும் குறைந்த விலை போட்டு, அவருடைய தகுதி இரண்டு ஷெட்யூலுக்கு மட்டும் போதுமானது என்றால்? எந்த இரண்டு? அதை அன்றைக்கு உட்கார்ந்து முடிவு செய்தால் அதுதான் மேல்முறையீடு. முதலில், "பல ஷெட்யூலுக்கு விலை கொடுப்பவர் அவற்றின் கூட்டுத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும்" என்று சேருங்கள். பிறகு, "தகுதி குறைந்தால், அரசுக்கு மொத்தச் செலவு குறைவாக வரும் சேர்க்கையில் வழங்கப்படும்."

உதாரணம்: அவருக்கும் அடுத்தவருக்கும் ஒரு செட்டுக்கு உள்ள வித்தியாசம் நான்கு ஷெட்யூலிலும் முறையே ரூ.40, 310, 95, 220 என்றால், 2-ஆம், 4-ஆம் ஷெட்யூலை அவருக்குக் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டும் அடுத்தவருக்கு. கூடுதல் செலவு (40 + 95) × 150 = ரூ.20,250. இந்த உதாரணத்தையே ஆவணத்தில் அச்சிடுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது. தகுதி தீர்ந்த பிறகு மற்ற ஷெட்யூலுக்கு அவர் தகுதியுள்ளவர் இல்லை என்பதால் சட்டத்துக்கும் முரண் இல்லை. மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாள் உண்டு என்பதையும், நிராகரிப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையில் தவறினார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். காரணம் தெரிந்தவர் அடுத்த முறை திருத்திக்கொண்டு வருவார்.

---

டோக்கன்_உதவி

ஆவணம் நன்றாக இருந்தும் போர்ட்டலில் விழுகிறவர்களைப் பற்றி. தமிழ்நாடு டெண்டர் தளத்தில் முதல்முறை போடுபவருக்கு:

கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் யூஎஸ்பி டோக்கனில் வேண்டும். காலாவதி தேதியை இன்றே பாருங்கள். விலை நிரப்பும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது, வேறு மென்பொருளில் திறந்து சேமிக்கக் கூடாது, வரிசை சேர்க்கக் கூடாது. தளம் ஏற்காது. திருத்த அறிவிப்பு வந்து புது எக்செல் போட்டிருந்தால் பழையதில் நிரப்பியது வீண், மறுபடி இறக்கி நிரப்பணும். முன்வைப்புத் தொகையை நெஃப்ட்டில் கட்டினால் தளத்தில் பதிவாக நேரம் பிடிக்கும், கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கட்டுங்கள். எல்லாம் ஏற்றிவிட்டு "ஃப்ரீஸ் பிட்" அழுத்தாமல் மூடிவிட்டால் போட்டதாகவே கணக்கில்லை. ஒப்புகைப் பக்கம் வந்ததா பாருங்கள். விலையைத் திருத்தணும் என்றால் மறுசமர்ப்பிப்புக்குப் போங்கள், "வித்ட்ரா" அழுத்தினால் அந்த டெண்டரில் திரும்ப நுழைய முடியாது.

அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம் வைக்கும் அன்று பாதி நேரத்தைத் தளத்தில் எப்படி ஏற்றுவது என்று காட்டச் செலவிடுங்கள். அறிவிப்பு புல்லட்டினிலும் தளத்திலும் வந்த அன்றே, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத் தொழில் மையங்களுக்கும் ஓசூர் ஹோஸ்டியா போன்ற தொழில் சங்கங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் போனில் சொல்லாதீர்கள், நல்லெண்ணத்தில் செய்தாலும் பிறகு அதுவே புகாராகும்.

---

கொள்முதல்_கோப்பு, தருமபுரி

கடைசியாக ஒன்று. வத்தல்மலை, சித்தேரி மேலே உள்ள பள்ளிகளுக்கு இறக்குகூலி யார் தலையில்?

---

ஓசூர்_ஃபேப்ரிகேஷன்

அதை ஷெட்யூல் விலைக்குள் கலக்காதீர்கள். மலைப் பள்ளிகளுக்கு எக்செல்லில் தனி வரிசை: "மலைப் பள்ளியில் இறக்கி, பொருத்தி, ஒரு செட்டுக்கு". பள்ளிப் பெயர், செட் எண்ணிக்கை, பெரிய லாரி எந்த இடம் வரை போகும் என்று பட்டியல் இணையுங்கள். பெஞ்சைப் போல்ட்டில் பூட்டும் வடிவமாக, பலகை தனி, சட்டம் தனி என வரைந்தால் சின்ன சரக்கு வண்டியிலேயே ஏறிவிடும், மேலே போய்ப் பூட்டிக்கொள்ளலாம். போல்ட்டுக்கு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) என்று எழுத மறக்க வேண்டாம், சாதா நட் என்றால் பிள்ளைகள் ஆட்டி ஆட்டி ஒரு பருவத்திலேயே கழன்றுவிடும்.